வடகிழக்கில் தண்ணீர்

ஏப்ரல் 2, புதன்

மழை. நேற்று மதியம் பிடித்தது, இன்னும் விடவில்லை. பி.பி. மாத்திரை போட்டாயிற்று. இடது முழங்கால் வலி.

காலை ஆறே முக்காலுக்குத் தம்பி ரவி பேஸ்மென்ட் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "போச்சு" என்றான். எட்டிப் பார்த்தேன். கடைசிப் படி தெரியவில்லை. எங்கிருந்தும் பாய்ந்து வந்த தண்ணீர் அல்ல. சத்தமே இல்லை. தரை வியர்த்தது போல ஊறி ஊறி நிறைந்திருக்கிறது. ஊறும் நீரை வெளியே தள்ள ஒரு குழி வெட்டி பம்ப் வைத்திருக்கிறார்கள். அதன் வாயில் ஏதோ அடைத்து, இரவில் எப்போதோ நின்றுபோயிருக்கிறது.

மேலே கொண்டுவந்தவை: நிலாவின் பழைய சைக்கிள். இரண்டு சூட்கேஸ். கொலுப் பெட்டி (மேல் தட்டில் இருந்ததால் தப்பியது). அரிசி மூட்டை ஒன்று, அடியில் ஒரு சாண் ஈரம்.

தம்பி மனைவி மாலதி ஆபீஸ் மீட்டிங்குக்குக் காதில் ஹெட்செட்டோடு வந்து நின்றாள். கீழே பார்த்தாள். ரவியைப் பார்த்து, "உங்க ஆசை வீடு. நீங்களே தொடைங்க" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள். ரவி பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டான். இந்தப் பேச்சுக்கு அவன் எப்போதுமே பதில் சொல்வதில்லை என்பதை நான் அமெரிக்கா வந்த இந்த ஆறு மாதத்தில் கவனித்திருக்கிறேன்.

பள்ளி பஸ்ஸுக்கு ஓடும்போது நிலா: "அப்பா, எல்லாரோட பேஸ்மென்ட்லயும் டிவி இருக்கு. நம்ம பேஸ்மென்ட்ல குளம் இருக்கு. ஸோ யுனீக்." யாரும் சிரிக்கவில்லை. பதினாலு வயசு, சிரிக்காவிட்டால் அதற்கு ரோஷம் வருகிறது.

ஊருக்குக் கிளம்ப இன்னும் பதினொரு நாள்.


ஏப்ரல் 3, வியாழன்

மேகமூட்டம். மழை விட்டது. ரவி பம்பைப் பிரித்துச் சுத்தம் செய்து ஓட விட்டான். இரண்டு மணிக்குத் தரை தெரிந்தது. தரை முழுக்க வழவழவென்று சாம்பல் நிறச் சேறு. மணலே இல்லை. விரலில் எடுத்துத் தேய்த்தால் சந்தனம் போல அரைபடுகிறது.

ரவி தள்ளிவிட, நான் படியில் உட்கார்ந்தபடி துணி பிழிந்து கொடுத்தேன். மூலையில் தட்டுக்கு மேல் ஒரு நீல பிளாஸ்டிக் டப்பா. திறந்து பார்த்தேன். கேசட்டுகள். பதினொன்று. உறைகளில் இதே சாம்பல் சேறு காய்ந்து அப்பியிருக்கிறது.

மாலதியின் அப்பா அனுப்பியவை. அவள் கல்யாணமாகி இங்கே வந்த புதிதில், அவருக்கு எழுத வராது என்பதால், பேசிப் பதிந்து அனுப்புவாராம். இரண்டு பக்கமும் நிறைய. தோட்டத்தில் என்ன காய்த்தது, யார் வீட்டில் விசேஷம், நாய் குட்டி போட்டது, எல்லாம். அவர் போய் ஆறு வருடம். போன வருடத்துக்கு முந்தின கோடையில் முதல் தடவை தண்ணீர் வந்தபோது இந்த டப்பா தரையில் இருந்திருக்கிறது. ஒன்றுகூட ஓடவில்லை. ஆனாலும் தூக்கிப் போடவில்லை.

"இதுக்கப்புறம்தான்கா அவ என்கிட்ட சரியாவே பேசறதில்ல" என்றான் ரவி.

"மேட்டு வீட்டை எடுத்திருக்கலாம்னு சொல்றாளா?"

"அவ அன்னைக்கே சொன்னா. அந்த மேட்டு வீடுதான் அவளுக்குப் புடிச்சுது. நான்தான் இதுதான்னு ஒத்தக் கால்ல நின்னேன்."

"நீ எங்க நின்ன? என்கிட்ட கேட்டே, நான் சொன்னேன்."

கைப்பிடித் துடைப்பத்தை நிறுத்திவிட்டு மேலே கதவைப் பார்த்தான். "அக்கா, அது அவளுக்குத் தெரியாது. உன்கிட்ட கேட்டேன்னே நான் சொல்லல. என் பிடிவாதம்னு நெனச்சுட்டிருக்கா. அப்படியே இருந்துட்டுப் போகட்டும், விடு."

நான்கு வருடமாக என் பழியை இவன் வாங்கிக்கொண்டிருக்கிறான். எனக்குத் தெரியவே தெரியாது.

இரவுச் சாப்பாடு: ரசம், அப்பளம். மாலதி, "நிலா, அப்பாவ ரசம் வேணுமா கேளு" என்றாள். அப்பா எதிரில்தான் உட்கார்ந்திருந்தார்.


ஏப்ரல் 4, வெள்ளி

வெயில், குளிர்ந்த வெயில். துணி துவைக்க முடியாது, மெஷின் ஈரம்.

எழுதி வைக்கிறேன், மறந்து போகும் என்பதற்காக அல்ல, மறைக்காமல் இருப்பதற்காக.

நான்கு வருடம் முன்பு. நான் கரூரில். ரவி வீடியோ காலில் இரண்டு வீடு காட்டினான். ஒன்று மேட்டில், பாறை மேல், வாசலுக்கே எட்டுப் படி. படுக்கையறை எல்லாம் மாடியில். இன்னொன்று இது, சமதளம், பெரிய பின்தோட்டம். "நீ சொல்றதுதான்கா" என்றான். அம்மா போன பிறகு அவனுக்குத் தலை சீவி பள்ளிக்கு அனுப்பியவள் நான். அவன் எதற்கும் என்னைக் கேட்பான். எந்தக் காலேஜ், எந்த வேலை, எல்லாம்.

நான் சொன்னது: "மேட்டு வீட்டுல ஈசானியம் ஒசந்து இருக்கு. ஆகாது. இதுல வடகிழக்கு பள்ளம், தண்ணி வேற அங்க நிக்குது. வாஸ்துப்படி அதுதான் லட்சுமி. இதையே எடு."

வாஸ்து! முப்பத்தொரு வருடம் புவியியல் நடத்தினேன். ஒரு நாளாவது வகுப்பில் அந்த வார்த்தையைச் சொல்லியிருப்பேனா? மழையே இல்லாத வாரத்தில், புல்லுக்கு நடுவே தண்ணீர் நிற்பதை அந்தச் சின்னத் திரையில் பார்த்தேன். வேலியோரம் கோரை போல ஏதோ முளைத்திருந்ததையும் பார்த்தேன். கோரை நின்றால் கீழே நீர் நிற்கிறது என்று எட்டாம் வகுப்புக்கே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பார்த்தும்தான் சொன்னேன்.


ஏப்ரல் 6, ஞாயிறு

காலையில் பனிமூட்டம், பத்து மணிக்கு மேல் வெயில்.

நான் ஊருக்குப் போகுமுன் எங்காவது கூட்டிப் போக வேண்டும் என்று ரவி. மால் வேண்டாம் என்றேன். அரை மணி தூரத்தில் பெரிய சதுப்பு நிலம் இருக்கிறது, மரப்பாலம் போட்டிருக்கிறார்கள், நடக்கலாம் என்று அழைத்துப் போனான். மாலதியும் வந்தாள். எனக்காக.

புளியோதரை, உருளை வறுவல், பேப்பர் தட்டு. 

சதுப்பு ரொம்ப அமைதி. கரும்பழுப்புத் தண்ணீர், அதில் நின்ற மரங்களில் சிவப்பாகத் துளிர். ஆமைகள் ஒரு கட்டையில் வரிசையாக, பிரேயரில் நிற்கும் பிள்ளைகள் போல, உயரப்படி. தவளைச் சத்தம். நன்றாகத்தான் இருந்தது. பிறகு அங்கிருந்த காட்சிக்கூடத்துக்குள் போனோம்.

உள்ளே சுவர் முழுக்க ஒரு வரைபடம். நியூ ஜெர்சியின் வடக்குப் பகுதி, அதன் நடுவில் நீல நிறத்தில் நீளமாக ஒரு ஏரி. இப்போது இல்லாத ஏரி. பனிக்காலத்தின் கடைசியில் வடக்கிலிருந்து வந்த பனிப்பாளம் மலை இடுக்கில் வந்து உட்கார்ந்துவிட்டது. ஆறு போக வழியில்லை. பாத்திரம் கழுவும் தொட்டியின் ஓட்டையில் பூசணித் தோல் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும், அதுதான். இரண்டு பக்கமும் மலை, நடுவில் நிறைந்தது. பல நூறு தலைமுறை நின்றது. பனி உருகிப் பின்வாங்கியதும் வடக்கே வழி திறந்து எல்லாம் வடிந்துவிட்டது. மீதி இந்தச் சதுப்பும், இன்னும் சில பள்ளங்களும்.

அங்கே உதவிக்கு நின்ற வெள்ளைக்கார அம்மா, என் வயசுதான் இருக்கும், கண்ணாடிக் குழாயில் ஏரியடிக் களிமண்ணை வைத்துக் காட்டினார். ஒரு கோடு வெளுப்பு, ஒரு கோடு கறுப்பு. கோடையில் வந்து படிந்தது வெளுப்பு. குளிர்காலத்தில் மேலே உறைந்துவிட, மெல்லமாக அடங்கியது கறுப்பு. இரண்டும் சேர்ந்தால் ஒரு வருடம். வருகைப் பதிவேடு மாதிரி, ஒரு வருடம் விடாமல். தொட்டுப் பார்க்கச் சொல்லி ஒரு கட்டி கையில் கொடுத்தார். தொட்டேன்.

சந்தனம் போல அரைபட்டது. கேசட் உறையில் இருந்த அதே நிறம்.

நிலா வரைபடத்தின் முன்னால் போனை வைத்துக்கொண்டு: "அத்தை! ஸீ, இது நம்ம ஸ்ட்ரீட். நம்ம வீடு லேக்குக்குள்ள இருக்கு. லைக், ஆழமா. நம்ம தலை மேல போட் போயிருக்கும்."

ரவி சிரித்தான். "அப்ப நாம மீனாடா?"

"ஃபாஸில் ஃபிஷ், அப்பா."

மாலதி பக்கத்தில் வந்தாள். "நிலா, அந்த இன்னொரு வீடு எங்க வரும்? மேட்டுல பார்த்தோமே. உனக்கு ஞாபகம் இருக்கா, பத்து வயசு அப்ப."

நிலா விரலால் தேடினாள். நீலம் முடிகிற கோட்டுக்கு மேலே ஒரு நகம் அளவு. "ஓ. அது கரையில. பீச் ஹவுஸ்!"

மாலதி அந்தக் கோட்டையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "நான் கார்ல இருக்கேன்" என்று போய்விட்டாள். புளியோதரையைத் திறக்கவே இல்லை.


ஏப்ரல் 7, திங்கள்

வெயில். ரவி ஆபீஸ், நிலா பள்ளி. மாலதி மாடியில் வேலை.

வருடத்துக்கு ஒரு தடவை "பனியாற்று ஏரிகள்" பாடம் வரும். கரும்பலகையில் சாக்பீஸால் மலை, பனி, ஏரி, நீல சாக்பீஸ் தீர்ந்து போனால் வெள்ளையிலேயே. பிள்ளைகளும் பனியைப் பார்த்ததில்லை, டீச்சரும் பார்த்ததில்லை. ஒரு பெண் கேட்டாள், "டீச்சர், ஏரி வத்திப்போனா அங்க யாரு குடியிருப்பாங்க?" "விவசாயம் பண்ணுவாங்க, வீடு கட்ட மாட்டாங்க" என்று பதில் சொன்னேன். மிக நல்ல பதில் என்று அன்றைக்கு எனக்கே பெருமை.

இப்போது இதையும் எழுதிவிடுகிறேன். வாஸ்து பொய். அது எனக்கு அன்றே தெரியும்.

வீடியோவில் ரவி போனைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டே வந்தான். சமையலறை தாண்டி ஒரு சின்ன அறை. கீழ்த்தளத்தில். பக்கத்திலேயே குளியலறை. ஜன்னலில் ஒரு மரம். "இது கெஸ்ட் ரூம்கா" என்று இரண்டு விநாடி காட்டினான். அந்த இரண்டு விநாடியில் நான் அதில் கட்டில் போட்டுவிட்டேன். முழங்கால் அப்போதே ஆரம்பித்திருந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, எனக்கு இவன்தான். பின்னால் முடியாமல் போனால் மாடி ஏறாமல் படுக்க ஓர் இடம். மேட்டு வீட்டில் வாசலுக்கே எட்டுப் படி.

அதைச் சொல்ல வெட்கம். "எனக்கு இந்த ரூம் வேணும்டா" என்று கேட்டிருந்தால் கூட மானமாக இருந்திருக்கும். திசையைத் துணைக்குக் கூப்பிட்டேன்.

அந்த அறையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். மரம் மேப்பிளாம்.

மாலதியிடம் சொல்ல வேண்டும். போகுமுன்.


ஏப்ரல் 8, செவ்வாய்

காற்று. குளிர் திரும்பிவிட்டது.

வாங்க வேண்டியவை: பாதாம். முழங்காலுக்குத் தேய்க்கும் மருந்து (2). பக்கத்து வீட்டு ஜெயாவுக்கு வாசனை சோப்பு. பழைய ஸ்டாஃப் ரூம் ஆட்களுக்குச் சாக்லேட், உடையாத வகை.

மாலதி கடைக்குக் கூட்டிப் போனாள். காரில் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தேன். முதல் தடவை ஃப்ரீவேயில் லாரி குறுக்கே வந்தது. இரண்டாவது தடவை அவளே, "அண்ணி, நீங்க வந்ததுல இருந்துதான் வீட்ல ஒரு மனுஷ சத்தம் கேக்குது. நீங்க போனா நானும் அவரும் என்ன பண்ணப் போறோம்னு தெரியல" என்றாள்.

பாதாம் எந்தக் கடையில் என்று கேட்டேன்.

கூப்பன் வைத்திருந்ததை மறந்து வீட்டிலேயே விட்டுவிட்டோம். அதற்குச் சிரித்தோம், தேவைக்கு அதிகமாக.


ஏப்ரல் 10, வியாழன்

மப்பு. சொல்லிவிட்டேன்.

மதியம். ரவியும் இன்று வீட்டில் இருந்துதான் வேலை, சாப்பிட இறங்கி வந்திருந்தான். மாலதி கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பம்ப் ஓடிய சத்தம் கேட்டது. அவள் கத்தி ஒரு நொடி நின்றது. "பாருங்க, மழையே இல்ல. இன்னும் ஊறுது. நல்லா தேடிப் புடிச்சீங்க வீடு" என்றாள் ரவியிடம்.

"அவன் தேடல. நான்தான் சொன்னேன்" என்றேன்.

"என்ன சொன்னீங்க?"

"ரெண்டு வீட்டையும் எனக்கு வீடியோல காமிச்சான். இதை எடுக்கச் சொன்னது நான். வடகிழக்குல தண்ணி இருக்கு, வாஸ்துக்கு நல்லதுன்னு."

"அக்கா" என்றான் ரவி, எச்சரிப்பது போல.

மாலதி சிரித்துவிட்டாள். "வாஸ்துவா? நீங்களா? கோயிலுக்கு வந்தாலே வெளிய நின்னு செருப்புக்குக் காவல் இருக்கிற ஆளு நீங்க."

"அதான் பொய்னு சொல்றேன். காரணம் அது இல்ல." அந்த அறைப் பக்கம் கையைக் காட்டினேன். "அந்த ரூம். மாடி ஏற வேண்டாம்னு. பின்னாடி எனக்கு முடியாம போனா வந்து இருக்கலாம்னு. பின்தோட்டத்துல தண்ணி நின்னதைப் பார்த்தேன் மாலதி. அது கெட்டதுன்னு தெரிஞ்ச ஒரே ஆளு நான்தான். தெரிஞ்சே சொன்னேன்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். கோபமில்லை இன்னும். யோசித்துக்கொண்டிருந்தாள், விடை சரியா என்று திருப்பிப் பார்க்கும் பிள்ளை மாதிரி.

ரவிதான் கெடுத்தான். என்னைக் காப்பாற்ற நினைத்து. "அதெல்லாம் எனக்கு அப்பவே தெரியும்கா. நீ வாஸ்துன்னு சொன்னதும் எனக்குப் புரிஞ்சிடுச்சு. அந்த ரூமைக் காட்டினப்ப நீ 'கொஞ்சம் நிறுத்து'ன்னு சொன்ன. வேற எதுக்கும் நிறுத்தச் சொல்லல. உனக்கு வேணும்னுதான் எடுத்தேன். இதுல உன் தப்பு என்ன இருக்கு?"

நிறுத்தச் சொன்னேனா? எனக்கு ஞாபகம் இல்லை.

மாலதி அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ரொம்ப மெதுவாக, "அப்ப உங்க ரெண்டு பேருக்கும் தெரியும்" என்றாள். "எனக்கு மட்டும்தான் தெரியாது."

"மாலதி..." என்றான்.

"அண்ணிக்கு ஒரு ரூம் வேணும்னு சொல்லியிருந்தா நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்? மேட்டு வீட்லயே கராஜ் பக்கம் கட்டியிருக்கலாமே. கேட்டீங்களா ரெண்டு பேரும்? ஒரு வார்த்தை?"

ரவி பக்கம் திரும்பினாள்.

"நாலு வருஷமா உங்கள பிடிவாதக்காரர்னு திட்டிட்டிருக்கேன். அதையும் வாங்கிக்கிட்டீங்க. பெரிய தியாகம். அத வெச்சு நான் என்ன பண்றது?"

பேஸ்மென்ட் கதவைத் திறந்து கீழே போனாள். கத்தரிக்காய் கறுத்துப் போயிற்று. நான் எடுத்து உப்புத் தண்ணீரில் போட்டேன், வேறென்ன செய்ய.

கணவன் மனைவிக்கு நடுவில் இருக்கும் அடைப்பை எடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். எடுத்தேன். அதன் பிறகு அந்தப் பக்கம் என்ன ஆகும் என்று பார்க்கவில்லை.


ஏப்ரல் 11, வெள்ளி

மழைத் தூறல்.

காலை உப்புமா. மாலதி எல்லோருக்கும் வைத்தாள், யாரோடும் உட்காரவில்லை. ரவி கார் கழுவினான், தூறலில்.

சூட்கேஸ் எடை பார்த்தது. ஒன்று இருபத்திரண்டு, இன்னொன்று பத்தொன்பது. சோப்பை மாற்றி வைத்தேன்.

மதியம் மாடியில் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்த சத்தம். உரக்க. நிலா வழியாக இல்லாமல், நேருக்கு நேராக. வார்த்தை கேட்கவில்லை, கேட்க முயலவும் இல்லை. அரை மணி நேரம். பிறகு சத்தமில்லை.

நிலா பள்ளிவிட்டு வந்து என் கட்டிலில் உட்கார்ந்தாள். "அத்தை, ஆர் யூ இன் ட்ரபுள்?"

"ஆமா."

"பிக் ட்ரபுள்?"

"நடுத்தரம்."

போனை எடுத்து ஏரி வரைபடத்தைக் காட்டினாள். நம் வீட்டின் மேல் ஒரு சின்ன மீன் பொம்மையை ஒட்டியிருக்கிறாள். அதற்குக் கண்ணாடி போட்டிருக்கிறது. நான்தானாம்.


ஏப்ரல் 12, சனி

மழை, நாள் முழுக்க. ரவி ஒரு மணிக்கு ஒரு தடவை பம்பைப் போய்ப் பார்த்தான். ஓடுகிறது.

"புத்தாண்டுக்கு இருந்துட்டுப் போயிருக்கலாம்" என்றான். விசாவின் ஆறு மாதம் முடிகிறது, இருக்க முடியாது என்று அவனுக்குத் தெரியும்.

"அவகிட்ட என்னடா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. கேட்டுட்டிருந்தேன்." பிறகு: "இனிமே எதுவா இருந்தாலும் உன்கிட்ட கேக்கறதுக்கு முன்னாடி அவகிட்ட கேக்கறேன்னு சொன்னேன்."

"முன்னாடியா? என்கிட்ட எதுக்குக் கேக்கணும்?"

அழுதுவிடுவான் போலிருந்தது, ஐம்பது வயசில். முகத்தைத் திருப்பிக்கொண்டான். எனக்கும் லேசாக இல்லை. அவன் கேட்பான் என்பதுதான் இத்தனை வருடம் என் உத்தியோகம், ஓய்வுக்கு அப்புறமும்.


ஏப்ரல் 13, ஞாயிறு

தூறல். மூன்று மணிக்கு ஏர்போர்ட் கிளம்ப வேண்டும். பாஸ்போர்ட், மாத்திரை, கண்ணாடி கைப்பையில்.

ஒரு மணிக்கு மாலதி அறைக்குள் வந்தாள். கையில் நீல டப்பா.

"அண்ணி, நீங்க போனதும் இந்த ரூம்ல அப்பா சாமானெல்லாம் வெக்கலாம்னு இருக்கேன். கீழ இனி எதுவும் வேண்டாம்."

"வை."

"கட்டில எடுத்துடுவேன்."

"எடுத்துடும்மா."

சுவரை அளப்பது போலப் பார்த்தாள். "ஷெல்ஃப் எவ்வளவு உயரத்துல போடணும்?"

"இடுப்புக்கு மேல. வெளிச் சுவர் வேண்டாம், இந்த உள் சுவர். ஈரம் ஏறாது."

தலையாட்டினாள். கட்டிலின் ஒரு பக்கம் அவள் பிடித்தாள். "இப்பவேவா?" என்றேன். "நீங்க இருக்கும்போதே பண்ணிடலாம்" என்றாள். முழங்காலைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். இரண்டு பேருமாக இழுத்தோம். கட்டில் நகர்ந்த இடத்தில் தரை கொஞ்சம் வெளுப்பாக, நான்கு கால் தடத்தோடு.

டப்பாவை ஜன்னல் மேடையில் வைத்தாள். ஒரு வெள்ளைத் தாளும் மார்க்கரும் எடுத்து வந்தாள்.

"நீங்களே எழுதுங்க. உங்க கையெழுத்துதான் நல்லாருக்கும்."

'மாலதியின் அப்பா. கேசட் 11' என்று எழுதினேன். வாங்கிப் பார்த்தாள்.

"மாலதியின் வேண்டாம். அப்பான்னு மட்டும் போதும்."

வேறு தாளில் திரும்ப எழுதினேன். கீழே பம்ப் ஓட ஆரம்பித்தது. நிற்கிறவரை இரண்டு பேரும் கேட்டுக்கொண்டு நின்றோம். நின்றது.

ரவி கூப்பிடுகிறான்.